ஆசை இருந்தால் ஓடும் கார்

உடைவிளையில் பழைய கார் வாங்கி விற்கிற மாசானமுத்துவின் கொட்டகைக்கு அந்தப் பச்சைக் கார் வந்தது, காற்றாலைகளெல்லாம் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சும்மா நிற்கிற ஒரு பங்குனி மாதத்தில். செங்கோட்டைப் பக்கத்து ஆள் ஒருவர் அதை ஓட்டிக்கொண்டு வந்து, வேப்பமரத்து நிழல் பார்த்து நிறுத்தி, சாவியை மேசைமேல் வைத்தார். "இதுக்குப் பெட்ரோலும் வேணும், ஆசையும் வேணும். உள்ள இருக்கவங்கள்ல ஒருத்தருக்காவது போற இடத்துக்குப் போகணும்னு நெசமாவே ஆசை இருந்தா ஓடும், இல்லன்னா நகராது. எனக்கு இப்ப ஆசைப்பட்டுப் போறதுக்கு ஒரு இடமும் இல்ல," என்று சொல்லி, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். வண்டி விற்க வருகிறவர்கள் சொல்கிற எத்தனையோ கதைகளைக் கேட்டவர் மாசானமுத்து. பாட்டரியில் ஏதோ கோளாறு, அதை மறைக்க இப்படிச் சொல்லிவிட்டுப் போகிறான் என்று எடுத்துக்கொண்டார்.

பாட்டரியில் கோளாறு இல்லை என்பது சீக்கிரமே ஊருக்குத் தெரிந்தது. விடுமுறை முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்ப வேண்டிய ரெத்தினகுமார், திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக அதை வாடகைக்குக் கேட்டு, பெட்டிகளை ஏற்றி, மனைவியையும் பிள்ளையையும் வழியனுப்பக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்தான். வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. பிறகு தள்ளியும் பார்த்தார்கள், மெக்கானிக் வந்து மூடியைத் திறந்தும் பார்த்தான், கடைசியில் பெட்டிகளை இறக்கித் தலையில் வைத்துக்கொண்டு ரெத்தினகுமார் பஸ்ஸில் போனான். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவன் போன பிறகு மூன்று நாள் சாப்பிடாமல் கிடக்கிற அவன் மனைவி அந்தத் தடவை அழவே இல்லை. அவனுக்குப் போக ஆசை இல்லை என்பது ஊர் பார்க்க நிரூபணமாகிவிட்டதே, அதற்குமேல் ஒரு பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று தெருவே பேசிக்கொண்டது.

அதற்கடுத்து, மாமியாருடன் நாளுக்கு ஒரு சண்டை போடுகிற ஜெபசெல்வி, அதே மாமியாரைக் கண் ஆபரேஷனுக்கு நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போக அந்தக் காரை எடுத்தாள். வண்டி நகராது, இன்றைக்கு இவள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நின்றது. கார் சாவியைத் திருகுமுன்பே உறுமி, தேரிச் செம்மணலைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. கிழவி பயந்துபோய் முன்சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டே போனாளாம். சர்ச் பாதிரியார் பிஷப் கூட்டிய திருமண்டலக் கூட்டத்துக்குப் போக ஏறினார், வண்டி அசையவில்லை. அவர் சிரித்துக்கொண்டே இறங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் தாமே அதைச் சொல்லிவிட்டார். பஞ்சாயத்துத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டவரை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக ஓட்டுக் கேட்க ஓடிய அதே வண்டி, அவர் ஜெயித்த பிறகு குடிதண்ணீர் விஷயமாகத் தாலுகா ஆபீசுக்குப் போக உட்கார்ந்தபோது இரும்புக் கட்டிலைப்போல நின்றது.

இப்படியே ஊர் அந்தக் காருக்குப் பழகிக்கொண்டது. மழைக்காலத்துக்கும் பனைமரத்துக்கும் பழகியதுபோல அதற்கும் ஒரு நடைமுறை வந்துவிட்டது. அதில் ஏறியவர் யார், ஏறிவிட்டு இறங்கியவர் யார் என்று யாரும் யாரிடமும் கேட்பதில்லை. பெண் பார்க்கப் போகிற வீட்டார் அந்த வண்டியை எடுப்பதில்லை. மனமில்லாமல் ஒரு காரியத்தைச் செய்கிறவனைப் பார்த்து, "என்ன, பச்சைக் காரு நின்னுபோச்சா?" என்று கேட்பது பேச்சில் சேர்ந்துவிட்டது. மாசானமுத்து அதை விற்கத்தான் வைத்திருந்தார். ஆனால் வாங்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, முகம் ஒரு மாதிரியாகி, யோசித்துச் சொல்கிறோம் என்று போய்விட்டார்கள்.

பந்தல், லைட், மைக்செட் கடை வைத்திருந்த ஆசீர்வாதமும் அவர் மனைவி லில்லிபாய் டீச்சரும் அந்தக் கொட்டகைக்கு வந்தது ஒரு சித்திரை மாதத்தில். கோயில் கொடை விழா, கல்யாணம், சர்ச் அசன விருந்து என்று சுற்று வட்டாரத்தில் எங்கே வெளிச்சம் வேண்டுமென்றாலும் ஆசீர்வாதத்தின் வேன்தான் போகும். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு கடையை மூடிவிட்டார். வேன் மட்டும் இருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அதில்தான் திருநெல்வேலிக்கு டயாலிசிஸுக்குப் போய்வந்தார்கள். பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சரான லில்லிபாய், அவருக்காகவே ஓட்டப் படித்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள். அந்தச் சித்திரை வெயிலில் ஒரு வியாழக்கிழமை வேன் நடுவழியில் புகைந்து நின்றது. வேறு வண்டி கிடைத்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவருடைய முறை தவறிப்போயிருந்தது. மறுநாள் அவரால் படுக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தபடியே ஒரு லோடு ஆட்டோவில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கிருந்து பிழைத்து வந்ததும் முதல் வேலையாகக் கார் பார்க்க வந்தார்கள்.

மாசானமுத்து இரண்டு வண்டியைக் காட்டினார். ஒன்று, கூட்டுறவு வங்கி மேனேஜர் ஒருவர் வைத்திருந்த கஞ்சி நிறத்து வெள்ளைக் கார். "டீச்சர், இது ஒருநாள்கூட வழில நின்னது கெடையாது. ஒண்ணும் கேக்காது, பவுசு காட்டாது. தொட்டா ஓடும்," என்றார். இன்னொன்றைக் காட்டவே வேண்டியிருக்கவில்லை. ஆசீர்வாதம் ஏற்கெனவே பச்சைக் காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

வெள்ளைக் காரை ஓட்டிப் பார்த்தார்கள். அது பள்ளத்தில் மெதுவாக இறங்கி மெதுவாக ஏறியது. திருப்பம் வந்தால் திரும்பியது, பிரேக் போட்டால் நின்றது. ஆசீர்வாதம் கொட்டாவி விட்டார். பிறகு பச்சைக் காரில் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போனார்கள். போனார்கள் என்று சொல்வதைவிட, ஒரு கல்யாண ஊர்வலத்தில் மாட்டிக்கொண்டவர்கள்போல இழுத்துச்செல்லப்பட்டார்கள் என்பதுதான் சரி. ஜன்னல் வழியாகக் காற்று வந்து லில்லிபாயின் கொண்டையை அவிழ்த்தது. வருஷக்கணக்கில் சாம்பல் பூத்துக் கிடந்த ஆசீர்வாதத்தின் முகத்தில் ரத்தம் ஓடியது. திரும்பி வரும்போதும் அதே வேகம்தான். இந்த வண்டியைத்தான் வாங்கப் போகிறோம் என்று மாசானமுத்துவிடம் சொல்ல அவருக்கு அவ்வளவு அவசரம்.

"எல்லாஞ் சரி," என்றாள் லில்லிபாய். "செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போவுமான்னு பாப்போம்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும், போர்வை, சாப்பாட்டுப் பாத்திரம், மருந்துப் பை எல்லாவற்றோடும் கொட்டகைக்கு வந்தார்கள். ஆசீர்வாதம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. "எனக்கு ஆச இல்லன்னு அதுக்குத் தெரியாதாக்கும்," என்று சிரித்தார்.

"ஒங்களுக்கு இல்லன்னா என்ன? ஒருத்தருக்கு இருந்தாப் போதும்னுதான சொன்னாவ? நீங்க தள்ளி உக்காருங்க," என்று லில்லிபாய் அந்தப் பக்கம் சுற்றி வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்தாள். பிறகு, கரும்பலகையில் விடை எழுதப் போகிறவளுக்கு உள்ள நிச்சயத்தோடு சாவியைத் திருகினாள்.

வண்டி அசையவில்லை.

இன்னொரு தடவை திருகினாள். வேப்பமரத்தில் ஒரு காகம் கரைந்தது அவ்வளவு தெளிவாகக் கேட்டது. கார் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை அதிகமாகத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் குனிந்துகொண்டார்கள். மாசானமுத்து சுவரில் இருந்த காலண்டரை என்றைக்கும் பார்க்காததுபோலப் பார்த்தார். லில்லிபாய் சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அந்த வெள்ள வண்டிச் சாவியக் குடுங்க," என்றாள், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

வெள்ளைக் கார் தொட்டதும் ஓடியது. நாங்குநேரி தாண்டியது. பிறகு ஆசீர்வாதம், "லில்லி, வருத்தப்படாத," என்றார்.

"நான் ஒங்கள சாவட்டும்னு நெனைக்கேன்னு நெனைக்கியளா?"

"அப்படி நெனச்சா ஒம் பக்கத்துல இப்படி உக்காந்திருப்பேனா?"

"ஒங்க உசுரு எனக்கு வேணும்," என்றாள். அவள் கண் ரோட்டை விட்டு விலகவில்லை. "ஆனா அந்த எடம் எனக்குப் பிடிக்கல. அந்த மருந்து வாட, அந்த நாற்காலி, ஒங்க கையில ஊசி ஏறும்போது நீங்க எம் மொகத்தப் பாக்காம செவத்தப் பாக்குதிய பாருங்க, அது. காலைல அலாரம் அடிக்கும்போது, இன்னைக்கு ஒருநாள் வெள்ளம் வந்து ரோடு அடச்சிராதான்னு நெனச்சிருக்கேன். வெள்ளம் வந்தா என்ன ஆவும்னு தெரிஞ்சும் நெனச்சிருக்கேன்."

"நானும் நெனச்சிருக்கேன்."

"அப்போ ரெண்டு பேருக்கும் இல்ல."

"இல்ல," என்றார் அவர். பிறகு அந்த வெள்ளைக் காரின் முன்பலகையை ஒரு மாட்டைத் தட்டுவதுபோலத் தட்டினார். "நம்ம மனசப் பத்தி இது ஒண்ணும் கேக்கலயே. அது பெரிய உபகாரம்தான். இதையே வாங்கிருவோம்."

அப்படித்தான் அவர்கள் வெள்ளைக் காரை வாங்கினார்கள். அது மழையிலும் ஓடியது, காற்றாலைகள் ஊளையிடுகிற ஆடிக் காற்றிலும் ஓடியது, பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடந்தபோதும் ஊரில் யாரோ செத்துக் கடையடைத்தபோதும் ஓடியது. செவ்வாய், வியாழன், சனி என்றால் ஓடியது. ஆசீர்வாதத்தின் உயிரை அது ஒரு தூக்குவாளிப் பாலைப்போல தளும்பாமல் கொண்டுபோய், தளும்பாமல் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டது. லில்லிபாய் அதற்கு வேளாவேளைக்கு எண்ணெய் மாற்றினாள், டயர் மாற்றினாள். அதைப் பற்றி இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. ஒரு பெருமையும் இல்லை.

ஆனால் டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ஆசீர்வாதம் குடையைப் பிடித்துக்கொண்டு மாசானமுத்துவின் கொட்டகைக்கு நடந்துபோனார். பச்சைக் காரின் கதவைத் திறந்து உள்ளே உட்காருவார். மெல்லிய குரலில் ஏதோ சொல்வார். உடனே எஞ்சின் உறுமும். அந்த உறுமலைக் கொஞ்ச நேரம் காது குளிரக் கேட்டுவிட்டு, எஞ்சினை அணைத்து, இறங்கி, கதவைச் சாத்தி, வீட்டுக்குப் போவார். அந்தச் சத்தம் கேட்கிற தூரத்தில் தையற்கடை வைத்திருந்த ஜெபசெல்வி, "அண்ணாச்சிக்கு எங்கயோ போணும், பாவம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மெஷினை மிதிப்பாள். எங்கே என்று அவளும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. அது அந்த ஊரின் மரியாதை.

கேட்டவள் லில்லிபாய்தான். அவருக்கு அளந்து வைத்திருக்கிற தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "எங்க போணும்னு வண்டிகிட்ட சொல்லுதிய?" என்றாள்.

அவர் கூச்சத்தோடு சொன்னார். கல்யாணத்துக்கு முந்தி ஒரு தடவை மேகமலையில் ஒரு தேயிலை எஸ்டேட் மாதா கோயில் திருவிழாவுக்கு லைட் போடக் கூப்பிட்டிருந்தார்கள். பகலெல்லாம் மரத்துக்கு மரம் ஒயர் இழுத்து, பல்பு மாட்டி, சாயங்காலம் சுவிட்சைப் போடப்போகும் நேரம் பார்த்து, மஞ்சு என்று அங்கே சொல்கிற மூடுபனி இறங்கிவிட்டது. கோயிலும் தெரியவில்லை, கூட்டமும் தெரியவில்லை. போட்டு என்ன ஆகப்போகிறது என்று சுவிட்சைப் போட்டார். ஒரு பல்புகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் மஞ்சு முழுக்க வெளிச்சமாகிவிட்டது. பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக அந்த மலையே ஒரு விளக்கானதுபோல, அதற்குள் எல்லோரும் கையைக் கையை நீட்டி நடந்தார்கள். "வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு இல்ல லில்லி. எல்லா எடத்துலயும் இருந்துது. எவ்வளவோ கொடைக்கு லைட் போட்டிருக்கேன். அது மாதிரி வரவே இல்ல. அந்த மஞ்ச இன்னொரு தடவ பாக்கணும். அவ்வளவுதான். லைட்டெல்லாம் வேண்டாம்."

"வெள்ள வண்டில போவலாமே. நாயித்துக்கெழம போய்ட்டு திங்கக்கெழம வந்துருலாம்."

"அந்த வண்டி என்னயக் கொண்டுபோவுது, கொண்டுவருது," என்றார். "ஒரு தடவயாவது நானாப் போணும்."

லில்லிபாய் காலி டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தாள். கணக்கு டீச்சருக்கு அந்தக் கணக்கு உடனே தெரிந்துவிட்டது. பச்சைக் கார் போவதில் சந்தேகமே இல்லை, மேகமலையிலிருந்து திரும்பி வருவதுதான் கேள்வி, வராவிட்டால் செவ்வாய்க்கிழமை தவறும். பல நாள் அதை மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். ஒரு சனிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்ததும், நேராக மாசானமுத்துவிடம் போய்ப் பச்சைக் காரின் சாவியைக் கேட்டாள்.

"போறது போயிரும் டீச்சர்," என்றார் மாசானமுத்து. "திரும்பி வாறதுக்கு யாரு ஆசப்படுவா?"

"தெரியல."

"அப்போ எதுக்கு?"

"அவருக்கு ஆச வந்து எத்தன நாளாச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்றாள். வெள்ளைக் காரின் சாவியை அவரிடம் கொடுத்து, "போன் பண்ணுனா இத எடுத்துட்டு வாங்க," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைக் கார் ஓடிய ஓட்டத்தைப் பற்றி வழியில் பார்த்தவர்கள் பிற்பாடும் பேசினார்கள். ராஜபாளையத்தில் ஒரு மாட்டுவண்டிக்காரர் அதற்குள் யாரோ பாடிக்கொண்டு போனதாகச் சொன்னார். தேனிப் பக்கத்தில் திராட்சை விற்றுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, அது கடந்துபோன பிறகு தனக்குத் தன் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும்போல இருந்ததாகச் சொன்னாள். ஆசீர்வாதம் ஒரு கையை ஸ்டியரிங்கிலும் ஊசி குத்திப் புடைத்த கையை ஜன்னலிலும் வைத்து, கொண்டை ஊசி வளைவுகளில் எருமைகளுக்கும் பஸ்ஸுக்கும் வழிவிட்டு, பாடிக்கொண்டே மலையேறினார். மேலே போய்ச் சேர்ந்தபோது மஞ்சு அவர்களுக்காகக் காத்திருந்ததுபோல இறங்கியது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக அழிந்தன, பிறகு ரோடு அழிந்தது, பிறகு காரின் முன்பாகம் அழிந்தது. இருவரும் இறங்கி, எதிரே என்ன இருக்கிறதென்று தெரியாத அந்த வெண்மைக்குள் கையை நீட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆசீர்வாதம் மஞ்சை வாயைத் திறந்து குடித்தார். அளந்து கொடுக்கிற தண்ணீரில் வாழ்கிற மனிதர் மலையையே குடிப்பதுபோலக் குடித்தார். லில்லிபாய் அவரைத் தடுக்கவில்லை. அன்று அவள் எதையும் தடுக்கவில்லை. எஸ்டேட் விடுதியில் தங்கினார்கள். தனக்கு ஆகாதென்று விலக்கி வைத்திருந்த, உப்பு போட்ட சாப்பாட்டை ஆசீர்வாதம் சாப்பிட்டார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

திங்கள்கிழமை மத்தியானம் மஞ்சு விலகி, வெயில் வந்து, புறப்படும் நேரமாகி, இருவரும் காரில் உட்கார்ந்தார்கள். அவர் சாவியைத் திருகினார். அவள் திருகினாள். இடம் மாறி உட்கார்ந்து திருகிப் பார்த்தார்கள். அவருடைய கால் அதற்குள் வீங்கியிருந்தது. பேசினால் மூச்சு வாங்கியது.

"நீ போன் பண்ணி மாசானத்த வரச் சொல்லு," என்றார். "இல்லன்னா நீ பஸ்ஸப் பிடிச்சிப் போ. நான் இங்க இருந்துக்கிடுதேன்."

லில்லிபாய்க்கு வந்த கோபம் அந்த மலை பார்த்திராத கோபம். "இருந்துக்கிடுதிய? எவ்வளவு நேரம் இருந்துக்கிடுவிய? விடிய வரைக்குமா? நானும் பொறுத்துப் பொறுத்து, ஒங்க ஆசைக்கு ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு கூட வந்தேன். எனக்கு ஆச இல்லயா? எனக்குன்னு ஒண்ணுமே இல்லன்னு நெனச்சியளா?"

"ஒனக்கு என்ன ஆச லில்லி?" என்று கேட்டார். வேண்டுமென்றே கேட்கவில்லை. அத்தனை வருஷத்தில் அதை அவர் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

அவள் தேயிலைச் சரிவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "டயாலிசிஸ் முடிஞ்சு வாற வழில, மூன்றடைப்பு தாண்டி, ஒரு டீக்கடைல நிப்பாட்டுவோம்லா. ஒங்களுக்கு முழு கிளாஸ் ஆவாதுன்னு ஒரு டீ வாங்கி, பாதிய நீங்க குடிச்சிட்டு மிச்சத்த என்கிட்ட குடுப்பிய. அந்த நேரம் ஒங்க மொகம் தெளிஞ்சிருக்கும். ஒங்க கை சூடா இருக்கும். பிறகு ரெண்டு நாளைக்குப் பயம் இல்ல. அந்தப் பெஞ்சில உக்காந்து லாரி போறதப் பாக்கும்போது நான் நெனச்சிக்கிடுவேன், இதுதான் எனக்கு வேணும், இத்தனை பாடும் இதுக்குத்தான்னு. ஆஸ்பத்திரிக்குப் போணும்னு எனக்கு ஒருநாளும் ஆச வந்ததில்ல. அந்த டீக்கடைக்கு வந்திருக்கு. எப்பவும் வந்திருக்கு. இப்பவும்..."

அவள் முடிக்குமுன்பே எஞ்சின் உறுமிவிட்டது.

அன்று மாலையும் இரவும் லில்லிபாய்தான் ஓட்டினாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிற பழக்கம் அவளைவிட்டு எங்கேயோ மலையிலேயே விழுந்துவிட்டது. ஆசீர்வாதம் ஜன்னலில் சாய்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கினார், விழித்தார், தூங்கினார். விடிகிற நேரத்தில் திருநெல்வேலி வந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு முன்னால் அவள் பிரேக்கை மிதித்தாள், திருப்பப் பார்த்தாள், ஹாரனை அடித்தாள். பச்சைக் கார் அந்த வாசலை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கடந்து, ஆற்றுப் பாலத்தையும் கடந்து, நாலுவழிச் சாலையில் ஏறி, மூன்றடைப்பு தாண்டி, அந்த டீக்கடையின் பெஞ்சுக்கு நேராகப் போய் நின்றது. நின்ற பிறகு அணைந்துவிட்டது. அதற்குமேல் அதற்குப் போக இடமில்லை.

ஆசீர்வாதம் கண்ணைத் திறந்து, கடையைப் பார்த்து, மனைவியைப் பார்த்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். அவளும் அழுதுகொண்டே சிரித்தாள். மாசானமுத்துவுக்குப் போன் போட்டாள். டீ ஆற்றி முடித்த கடைக்காரர் இவர்களைத் தெரிந்தவர்தான். போகும்போது ஒருநாளும் நிற்காதவர்கள் இன்றைக்கு என்ன காலையிலேயே வந்து நிற்கிறார்கள் என்று நினைத்தாலும் கேட்கவில்லை. ஆசீர்வாதம் ஒரே ஒரு வாய் குடித்தார், சூட்டை உதட்டில் வைத்திருந்துவிட்டு கிளாஸை அவளிடம் கொடுத்தார். உடைவிளையிலிருந்து வெள்ளைக் கார் வந்தது. வேகமாகவும் வரவில்லை, தாமதமாகவும் வரவில்லை. அதன் பின்சீட்டில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, வந்த வழியே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். அவருடைய முறை வந்தபோது அவர் அங்கே இருந்தார். அன்று கையில் ஊசி ஏறும்போது அவர் சுவரைப் பார்க்கவில்லை என்று லில்லிபாய் பிற்பாடு சொன்னாள்.

பச்சைக் காரை எடுத்துவர மாசானமுத்து தனியாகப் போனார். அதில் உட்கார்ந்து சாவியைத் திருகியபோது, தனக்கு உடைவிளைக்குத் திரும்பிப் போக அப்படியொன்றும் ஆசை இல்லை என்பது அவருக்குத் தெரியவந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் லாரிக்காரர் ஒருவரைப் பிடித்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் விட்டார்.

ஆசீர்வாதம் அதன்பிறகு இன்னும் சில வருஷங்கள் இருந்தார். அந்த வருஷங்களில் வெள்ளைக் கார் ஒரு நாளும் தவறவில்லை. கடைசியில் ஒரு ஐப்பசி மழையில், வீட்டில், காபி கேட்டுவிட்டு அது வருவதற்குள் போய்விட்டார். அடக்கத்துக்கு ஊர் முழுக்க வந்தது. அவர் வெளிச்சம் போட்டுக் கொடுத்த கல்யாணங்களில் கல்யாணமானவர்களெல்லாம் வந்தார்கள்.

மழை ஓய்ந்து, தை பிறந்து, ஒரு சாயங்காலம் லில்லிபாய் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் கொட்டகைக்குள் நுழைந்தாள். "எங்கயும் போவல. சும்மா கொஞ்ச நேரம் உக்காரணும்," என்றாள். மாசானமுத்து சாவியைக் கொடுத்தார். அவள் பச்சைக் காரில் ஏறி, கதவைச் சாத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். சாவியைத் திருகினாளா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது.

எஞ்சின் அப்படி ஒரு சத்தத்தோடு அதுவரை ஓடியதில்லை. மணப்பாட்டுக்கும் மேகமலைக்கும் ஓடியபோது இருந்த சத்தமெல்லாம் அதற்கு முன்னால் பூனைக்குட்டிச் சத்தம். வேப்பமரத்து இலைகள் நடுங்கின. தையல் மெஷின்கள் நின்றன. வண்டி முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. முன்சக்கரங்கள் மட்டும் ஒரு தடவை கடல் பக்கமாகத் திரும்பின, ஒரு தடவை மலைப் பக்கமாகத் திரும்பின, கல்லறைத் தோட்டத்துப் பக்கமும் திரும்பின. பிறகு நேராகி, நடுங்கிக்கொண்டு நின்றன. அவள் போக ஆசைப்பட்ட இடத்துக்கு எந்த ரோடு என்று அந்த வண்டிக்கும் தெரியவில்லை.

தெரு கூடிவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை. வெயில் சாய்ந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. மாசானமுத்து ஜன்னலருகே குனிந்து, "டீச்சர், பெட்ரோல் தீந்துரும்," என்றார். அவள் தலையைத் தூக்கவில்லை.

ஜெபசெல்விதான் முதலில் அசைந்தாள். தன் ஸ்கூட்டரிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு வந்து, பச்சைக் காரின் மூடியைத் திறந்து ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் பாதிரியார் தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரெத்தினகுமாரின் மனைவி ஒரு கேனோடு வந்தாள். வீட்டுக்கு வீடு ஆட்கள் பாட்டிலும் செம்புமாக வந்து, சிந்திவிடாமல், ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்று ஊற்றிவிட்டுப் போனார்கள். உள்ளே லில்லிபாய் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அந்தக் கார், போவதற்கு இடமில்லாமல், நிற்கவும் மனமில்லாமல், ஓடிக்கொண்டே இருந்தது.